கரிசல் காட்டு வண்டிக்கு என்ன செருப்பு?

கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872-இல் பிறந்த ஊர் ஓட்டப்பிடாரம். அந்தப் பக்கத்துக் காட்டுப் பாதையில் ஐப்பசி மாதம் பிக்கப் வண்டி ஓட்டிப் பார்த்தவர்கள், "இதற்குக் கப்பலே தேவலை!" என்பார்கள். கரிசல் மண்ணின் குணம் அப்படி. சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நாலு தூறல் விழுந்துவிட்டாலோ வெண்ணெய் மாதிரி வழுக்கும். களி மாதிரி அப்பிக்கொள்ளும்.

"மோட்டார் சமாசாரம் எங்களுக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! ஊரில் கொஞ்சம் நிலம், கோவில்பட்டியிலோ தூத்துக்குடியிலோ குடித்தனம் என்று இருக்கிற குடும்பங்களில் பழைய பிக்கப் வண்டி ஒன்று இருப்பது சகஜம். நாலு சக்கரமும் இழுக்கிற பொலீரோ கேம்பர் மாதிரி வண்டிகள். வாரமெல்லாம் உளுந்து மூட்டையும் உர மூட்டையும் ஏறும். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் குழந்தைகளும் ஏறுவீர்கள். ஒரு நாள் வீட்டுக்காரர், "வண்டியை உயர்த்திப் பெரிய டயர் போடப் போகிறேன்" என்பார். செலவாவது குடும்பப் பணம். ஏறிப் போவதும் குடும்பத்து உயிர்கள். ஆகவே சில விஷயங்களை நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

வண்டியின் பின்பக்கம் அடியில் எட்டிப் பாருங்கள். இரும்புப் பட்டைகளை அடுக்கி வில் போல் வளைத்துக் கட்டியிருக்கும். அதுதான் ஸ்பிரிங் பட்டை. குதிரை வண்டிக் காலத்து ஏற்பாடு அது. பாரத்தைத் தாங்குவது அதன் வேலை. துள்ளலை அடக்குவது ஷாக் அப்ஸார்பரின் வேலை. ஊஞ்சலைத் தள்ளிவிட்டால் தானாக நிற்க நேரமாகிறது. கையால் பிடித்து நிறுத்துகிறோம் அல்லவா? அந்தக் கைதான் ஷாக் அப்ஸார்பர்.

பத்துப் பதினைந்து வருஷம் உழைத்த வண்டியில் பட்டை தொய்ந்திருக்கும். ரப்பர் புஷ் நைந்திருக்கும். ஷாக் அப்ஸார்பரில் எண்ணெய் கசிந்திருக்கும். சமதரையில் நிறுத்தி, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். முதல் செலவு இங்கேதான். தேய்ந்ததை மாற்றி, வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாலே பாதி ஆட்டம் அடங்கிவிடும். ஷாக் அப்ஸார்பரை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

"அப்படியே இன்னும் இரண்டு பட்டை ஏற்றிவிடலாமே!" என்று பட்டறையில் யோசனை சொல்வார்கள். மூட்டை ஏறியிருக்கும்போது அது சுகமாகத்தான் இருக்கும். வெறும் வண்டியாகத் திரும்பும்போது பட்டை வளைந்து கொடுக்காது. ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தரையை விட்டு எழும்பும். எழும்பிய சக்கரத்துக்குப் பிரேக் ஏது? தவிரவும், பட்டை கூடினால் அச்சின் பலமோ பிரேக்கின் பலமோ கூடிவிடாது.

உயர்த்துவது பற்றி ஒரு வார்த்தை. வழுக்கும் வரப்பில் நடக்கும்போது தலையில் குடம் வைப்பீர்களா, இடுப்பிலா? கனம் மேலே ஏற ஏற, கவிழ்கிற பயமும் ஏறும். தரையில் முதலில் தட்டுவது பின் அச்சின் நடுவே குண்டாக இருக்கும் டிஃபரென்ஷியல். ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் உடம்பு உயருமே தவிர, அந்தக் குண்டு ஓர் அணுவும் உயராது! 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இருக்கிறது. ஆர்.ஸி. புத்தகத்தில் கண்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. இதை மீறிய வண்டிக்கு விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கேட்பதிலும் சிக்கல் வரலாம்.

சரி, பெரிய டயர் போட்டால் அச்சு உயருமே? உயரும், எவ்வளவு என்று பாருங்கள். டயரின் பக்கத்தில் 215/75 ஆர் 15 என்று இருந்தால், அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 75 சதவீதம். 'ஆர்' என்றால் ரேடியல். ரிம் 15 அங்குலம். இதற்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டால் டயரின் மொத்த உயரம் 30 மில்லிமீட்டர் கூடும். அதில் அச்சுக்குக் கிடைப்பது பாதி, அதாவது 15 மில்லிமீட்டர். ஒரு விரல் பருமன்! அதற்காக ஸ்டியரிங் கனக்கும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் ஓடும். கம்பெனி சொன்ன அளவே உத்தமம்.

அளவை விட்டுவிட்டு, டயரின் வெட்டைக் கவனியுங்கள். தார் ரோட்டு டயரின் மெல்லிய வெட்டுகளைக் கரிசல் களி அடைத்துவிடும். அப்புறம் அது மொட்டை டயர்தான். ஆழமான பெரிய கட்டைகள் கொண்ட சேற்று டயர் களியை உதறிவிடும். ஆனால் தார் ரோட்டில் இரைச்சல் போடும், சீக்கிரம் தேயும், மழையில் நனைந்த ரோட்டில் பிடிப்பும் குறைவு. காட்டுக்கு ஒரு பங்கு, தார் ரோட்டுக்கு ஒன்பது பங்கு என்று ஓடுகிற குடும்ப வண்டிக்கு இரண்டுக்கும் நடுவிலான 'ஆல் டெரெய்ன்' டயரே பொருத்தம். நாலும் ஒரே அளவாக, ஒரே ரகமாக இருக்கட்டும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் அளவு மாறினால் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் கஷ்டப்படும்.

பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பவர் நீங்கள், டயரிலும் பாருங்கள். 3524 என்று நாலு எண் இருந்தால், 2024-ஆம் வருஷம் 35-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். கடையில் வருஷக்கணக்காகத் தூங்கிய டயரைப் புதிது என்று வாங்காதீர்கள். டயரின் பள்ளங்களுக்குள் சிறு ரப்பர் மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். தேய்ந்து தேய்ந்து டயரின் மேல்பாகம் அவற்றோடு சமமாகிவிட்டால் மாற்றியே தீர வேண்டும்.

இத்தனையும் செய்தாலும், நன்றாக ஊறிய கரிசலை ஜெயிக்கிற டயரை இன்னும் யாரும் செய்யவில்லை. மழை விட்டு, மேல்மண் காயும் வரை வண்டியைத் தார் ரோட்டு ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போவதே விவேகம். அன்றைக்கு அவசரப்பட்டால், மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்க டிராக்டருக்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பணத்தில் குழந்தைகளுக்குக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் வாங்கிக்கொடுத்தாலும் மிச்சம் இருக்கும்!