கொதிக்கிற ரசம் ஊற்றினாலும் உடையாத கண்ணாடி: ரகசியம் என்ன?

கண்ணாடி டம்ளரில் கொதிக்கிற காபியை ஊற்றியதும் 'டப்'பென்று விரிசல் விடுவது பல வீடுகளில் நடப்பதுதான். ஆனால் பள்ளிக்கூட லேபில் டெஸ்ட் டியூப்பை நெருப்பிலேயே காட்டுகிறார்கள். அது உடைவதில்லை. இரண்டும் கண்ணாடிதான், பார்வைக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் அடுப்படியில் மாற்றிப் பயன்படுத்தினால் கண்ணாடி சிதறி கை, கால் காயமாகிவிடும்.

உடைப்பது சூடு அல்ல

"சூடு தாங்காம உடைஞ்சு போச்சு" என்று சொல்வார்கள். உண்மையில் சூட்டைக் கண்ணாடி தாங்கும். திடீர் மாற்றம்தான் அதற்கு ஆகாது. கொதிநீர் பட்டதும் டம்ளரின் உள்பக்கம் விரிகிறது. வெளிப்பக்கம் இன்னும் ஜில்லென்று இருப்பதால் விரிவதில்லை. உள்ளே தள்ள, வெளியே இழுபட, கண்ணாடி பிளந்துவிடுகிறது. எவர்சில்வரில் சூடு சீக்கிரம் பரவிவிடும், உலோகம் கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். அதனால் தப்பித்துக் கொள்கிறது.

"நல்லா தடியா இருக்கு, உடையாது" என்று நினைத்து வாங்குவதும் தப்பு. தடிமன் கூடக் கூட உள்பக்கச் சூடு வெளிப்பக்கம் போய்ச் சேர நேரமாகும், உடையும் வாய்ப்பும் கூடும். டீக்கடைகளில் கிளாசை வெந்நீரில் அலசிவிட்டு டீ ஊற்றுகிறார்கள். கிளாஸ் முன்கூட்டியே சூடாகிவிடுவதால் அதற்கு ஆபத்து குறைவு.

வெண்காரத்தில் இருக்கும் சரக்கு

சாதாரண கண்ணாடி என்பது மணல், சோடா உப்பு, சுண்ணாம்பு சேர்த்து உருக்கியது. சூடு தாங்கும் கண்ணாடியில் சோடாவையும் சுண்ணாம்பையும் பெருமளவு குறைத்து, சுமார் 13 சதவீதம் போரான் ஆக்சைடு சேர்க்கிறார்கள். நகை பற்றவைக்க ஆசாரிகள் பயன்படுத்தும் வெண்காரத்தில் இருப்பதும் இதே போரான்தான். இந்தக் கண்ணாடிக்குப் பெயர் போரோசிலிகேட். சூடுபட்டால் சாதாரண கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும்.

இதை 1880-களில் ஜெர்மனியின் யேனா நகரில் உருவாக்கியவர் ஓட்டோ ஷாட் என்ற விஞ்ஞானி.

ரயில் விளக்கும் கேக்கும்

அமெரிக்காவில் ரயில்வே சிக்னல் விளக்குகளின் சூடான கண்ணாடியில் மழையும் பனியும் பட்டால் உடைந்துவிடும். சிக்னல் தெரியாவிட்டால் விபத்துதான். இதற்காக கார்னிங் நிறுவனம் சூடு தாங்கும் கண்ணாடி தயாரித்தது.

அங்கு வேலை பார்த்த ஜெஸ்ஸி லிட்டில்டன் 1913-ல் பேட்டரி ஜாடியின் அடிப்பாகத்தை அறுத்து வீட்டுக்குக் கொண்டு போனார். அவரது மனைவி பெஸ்ஸி அதில் கேக் வேகவைத்துப் பார்க்க, கண்ணாடி அப்படியே இருந்தது. பழைய கலவையில் ஈயம் இருந்ததால் சமையலுக்கு ஆகாது. ஈயம் நீக்கிய கண்ணாடி 1915-ல் 'பைரெக்ஸ்' என்ற பெயரில் கடைக்கு வந்தது.

காவலூர் வரை

இதே கண்ணாடி விண்வெளி ஆய்வுக்கும் போனது. அமெரிக்காவின் பாலோமர் தொலைநோக்கிக்கு 200 அங்குல கண்ணாடியை 1934-ல் பைரெக்ஸில்தான் வார்த்தார்கள். குளிரிலும் வெயிலிலும் ஆடி நெளிந்தால் நட்சத்திரம் சரியாகத் தெரியாது அல்லவா? நம் திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் 1986-ல் திறக்கப்பட்ட வைனு பாப்பு தொலைநோக்கியில் இருப்பது இன்னும் ஒரு படி மேல். 'ஜீரோடர்' என்ற அந்தப் பொருள் சூட்டில் விரிவதே இல்லை என்று சொல்லலாம்.

ஊசி மருந்துக் குப்பிகளும் பெரும்பாலும் போரோசிலிகேட்தான். அது மருந்தில் எளிதில் கரைவதில்லை.

வாங்கும்போது கவனிங்க

* பாத்திரத்தின் அடியில் அல்லது அட்டைப்பெட்டியில் 'போரோசிலிகேட்' என்று இருக்கிறதா பாருங்கள். 'டெம்பர்டு' என்று மட்டும் இருந்தால் அது பொதுவாக பலப்படுத்திய சாதாரண கண்ணாடி. ஒரே பிராண்டு பெயரில் நாட்டுக்கு நாடு இரண்டு வகையும் விற்பனையாகிறது.

* போரோசிலிகேட்டுக்கும் எல்லை உண்டு. பிரிட்ஜில் இருந்து எடுத்ததும் ஓவனில் வைக்கக் கூடாது. சூடான பாத்திரத்தை ஈர மேடையில் வைப்பதும், குழாயடியில் காட்டுவதும் ஆபத்து.

* ஓவனுக்கான பாத்திரத்தை கேஸ் அடுப்பின் தீயில் நேரடியாக வைக்கக் கூடாது. அதற்கென்றே தயாரித்ததாக எழுதியிருந்தால் மட்டும் வைக்கலாம்.

* கீறலோ, ஓரத்தில் பெயர்ப்போ இருந்தால் சூடான பொருளுக்கு வேண்டாம். விரிசல் அங்கிருந்துதான் ஓடும்.

உடைந்துவிட்டால் அதை பழைய பாட்டில்களோடு சேர்க்க வேண்டாம். இது உருக அதிக சூடு தேவை என்பதால் மறுசுழற்சியில் மற்ற கண்ணாடியையும் கெடுத்துவிடும். பேப்பரில் நன்றாகச் சுற்றி, "உள்ள கண்ணாடி இருக்கு" என்று சொல்லிக் கொடுங்கள். குப்பை அள்ளுபவரின் கை கிழியாமல் இருக்கும்.