விரால் காவல் நிற்கும் ஒரு மாதம்

மழைக்காலத்தில் ஏரிக்கரைப் புல்லுக்குள் புதுத் தண்ணீர் ஏறும்போது, செம்மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு நீரின் மேலே வருவதும் மறைவதுமாக இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது விரால் குஞ்சுகளின் கூட்டம். அதன் அடியில் பெற்றோர் மீன்கள் காவலுக்கு நிற்கும். அந்தத் திட்டைக் குறிவைத்து வலை வீசினால் பெரிய விரால் கிடைக்கும். ஆனால், அந்த ஒரு மீனோடு அடுத்த ஆண்டுக்கான விராலும் போய்விடும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி ஏரிகளில் இதை இப்போது பேச வேண்டிய தேவை இருக்கிறது. தொழிற்சாலைகளோடு மக்கள்தொகையும் பெருகியதால், உயிருடன் விற்கும் நாட்டு மீனுக்கு உள்ளூரிலேயே வாங்குவோர் இருக்கிறார்கள். மறுபுறம், விரால் முட்டையிடும் ஆழமற்ற கரையோரமும் நீர் நிற்கும் நெல்வயலும் குறைந்து வருகின்றன.

குறைந்த முட்டை, நிறைந்த காவல்

கடலில் வாழும் 'சூரிய மீன்' எனப்படும் மோலா மோலாவின் பெண் மீன் ஒன்றின் வயிற்றில் 30 கோடி முட்டைகள் வரை இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். அது முட்டைகளைக் கடலில் விட்டுவிட்டுப் போய்விடும். அவற்றில் மிகச் சிலவே பிழைத்தாலும் அந்த இனத்துக்குப் போதும்.

விராலின் வழி வேறு. அது இடுவது ஆயிரக்கணக்கில்தான். கரையோரச் செடிகளை விலக்கி வட்டமாக இடம் ஒதுக்கி, அதில் முட்டையிடும். முட்டைகள் மிதக்கும், ஒன்றரை நாளுக்குள் பொரித்துவிடும். அதன் பிறகு ஏறத்தாழ ஒரு மாதம் குஞ்சுகள் கூட்டமாகவே திரியும். அருகில் தவளையோ, கெண்டையோ, தூண்டில் இரையோ எது வந்தாலும் பெற்றோர் பாய்ந்து தாக்கும். பசி இல்லாவிட்டாலும் கடிக்கும். இந்தக் குணத்தால்தான் காவல் மீன் தூண்டிலில் எளிதாகச் சிக்குகிறது. காவல் போனதும் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கும் தண்ணீர்ப் பாம்புக்கும் பறவைகளுக்கும் இரையாகின்றன.

காற்றைச் சுவாசிக்கும் மீன்

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலையில், செவுளுக்கு மேலே உள்ள தனி உறுப்பின் மூலம் அது காற்றையும் சுவாசிக்கிறது. மேலே வந்து காற்றெடுக்க முடியாவிட்டால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். இதனால்தான் வலையில் சிக்கி நீருக்கடியில் மாட்டிக்கொண்ட விரால் இறந்துபோகிறது; ஈரச் சாக்கில் வைத்த விரால் சந்தை வரை உயிரோடு போகிறது. கோடையில் சேற்றில் புதைந்து தாக்குப்பிடிப்பதும், மழை நாளில் ஈரத் தரையில் ஊர்ந்து வேறு குட்டைக்குப் போவதும் இந்த உறுப்பின் உதவியால்தான்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மற்ற மீன்கள் மிதக்கும்போதும் விரால் உயிரோடு இருக்கும். எனவே, விரால் துள்ளுகிறது என்பதற்காகத் தண்ணீர் நல்லது என்று முடிவுகட்டக் கூடாது. விரால் பிற மீன்களைத் தின்று வாழ்வது. பாதரசம் போன்ற உலோகங்கள் இத்தகைய மீன்களின் உடலில் கூடுதலாகச் சேரும். கழிவுநீர் கலக்கும் கால்வாய்த் தண்ணீரைச் சோதிக்காமல் மீன் குட்டைக்கு விடவே கூடாது.

ஏரியில் செய்ய வேண்டியவை

* செம்மஞ்சள் குஞ்சுத் திட்டு தெரியும் இடத்தில் வலை, தூண்டில் இரண்டையும் ஒரு மாதம் தவிர்க்க வேண்டும். ஏரி முழுவதும் மீன்பிடிப்பை நிறுத்தத் தேவையில்லை. அந்தக் கரையோரத்தை மட்டும் விட்டுவைத்தால் போதும்.
* இதை மீன்பாசி குத்தகை நிபந்தனைகளில் ஒன்றாகச் சேர்க்கலாம். விரிவாக்கப் பணியாளர்கள் ஏலத்துக்கு முன்பே கிராம சபையில் எடுத்துச் சொல்ல வேண்டும்.
* ஏரியில் மண் எடுக்கும்போது எல்லாப் பக்கமும் செங்குத்தாக வெட்டாமல், ஒரு பக்கமாவது முழங்கால் ஆழச் சரிவும் புல்லும் இருக்க விட வேண்டும்.
* ஏரிகளை இணைக்கும் கால்வாய்களை அடைக்காமல் காக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குச் செல்கிறது. மீனும் இத்தகைய வழிகளில்தான் ஏரி விட்டு ஏரி போகிறது.

பண்ணைக் குட்டையில் வளர்ப்போருக்கு

ஏரியில் குஞ்சுக் கூட்டத்தை அள்ளிவந்து குட்டையில் விடுவது இருபுறமும் நட்டம். இயற்கை இரைக்குப் பழகிய அந்தக் குஞ்சுகள் தீவனத்தை எளிதில் எடுக்காது. பசித்தால் ஒன்றையொன்று தின்னும். தீவனத்துக்குப் பழக்கிய, ஒரே அளவுள்ள குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வாங்க வேண்டும். வளரும்போது அளவு வாரியாகப் பிரித்துவிட வேண்டும். கெண்டைக் குஞ்சுகளோடு சேர்த்து விட்டால் விரால் அவற்றைத் தின்றுவிடும். குட்டையைச் சுற்றி வலை வேலி அவசியம். இல்லாவிட்டால் மழை இரவில் மீன் கரையேறிப் போய்விடும்.

விராலுக்குப் பதிலாக ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது தடை செய்யப்பட்ட மீன். வெள்ளத்தில் தப்பி ஏரிக்குள் போனால் நாட்டு மீன் குஞ்சுகளை அழித்துவிடும்.

வளர்ப்பு பற்றிய ஆலோசனைக்கு, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையோ அணுகலாம். ஏரி விராலுக்கோ செலவு எதுவும் இல்லை. குஞ்சு வாங்க வேண்டாம், தீவனம் போட வேண்டாம், காவலுக்கு ஆளும் வேண்டாம். அந்த வேலையை மீனே பார்த்துக்கொள்ளும். ஒரு மாதம் அதை விட்டுவைத்தால் போதும்.