போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இன்டெக்ஸ் வீக்கமும் வாக்கூமும்

இன்டெக்ஸ் வீக்கம் என்பது, தரவுத்தளத்தின் இன்டெக்ஸ் தேவைக்கு மேல் இடத்தை அடைத்துக்கொண்டு, தேடலை மெதுவாக்கும் நிலையாகும். இன்டெக்ஸ் என்பது பாடநூலின் கடைசியில் வரும் சொல்லடைவு போன்றது. கிழித்தெறிந்த பக்கங்களையும் சொல்லடைவு காட்டிக்கொண்டிருந்தால் எப்படியிருக்கும்?

போஸ்ட்கிரெஸ் ஒரு வரிசையைத் திருத்தும்போது பழையதன் மேல் எழுதுவதில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் தவறை அடித்துவிட்டுக் கீழே புதிதாக எழுதுவோமே, அதே முறைதான். அந்த நேரத்தில் படித்துக்கொண்டிருப்பவருக்குப் பழைய வரிசை தெரிய வேண்டும் என்பதே காரணம். ஜலகண்டாபுரத்தில் ஒரு சேலை வியாபாரி தம் ஆர்டர்களைப் பாவு, தறி, மடிப்பு, அனுப்பியது என 4 நிலைகளில் பதிவதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஆர்டர் முடிவதற்குள் 3 செத்த வரிசைகள் சேர்ந்துவிடும்.

இவற்றைத் துடைப்பது வாக்கூம். இது தானாக இயங்குவது ஆட்டோவாக்கூம். 2008இல் வந்த 8.3 பதிப்பு முதல் இயல்பாகவே இயங்குகிறது. அதே பதிப்பில் இந்தியரான பவன் தேவலாசி முதன்மையாக உருவாக்கிய ‘ஹாட்’ என்ற உத்தியும் சேர்ந்தது. இன்டெக்ஸ் உள்ள நெடுவரிசை எதுவும் மாறாமல், அதே பக்கத்தில் இடமும் இருந்தால், இன்டெக்ஸில் புதுப் பதிவே தேவைப்படாது. நம் வியாபாரி ‘நிலை’ நெடுவரிசைக்கும் இன்டெக்ஸ் போட்டால் இந்த நன்மை கைநழுவும். வேகம் வேண்டுமென்று கண்ட நெடுவரிசைக்கெல்லாம் இன்டெக்ஸ் போடுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

ஆட்டோவாக்கூம் எப்போது தொடங்கும்? இயல்பான அமைப்பில், செத்த வரிசைகள் 50ஐயும் மொத்த வரிசைகளில் 20 விழுக்காட்டையும் கூட்டிய அளவைத் தாண்டும்போது. சிறிய அட்டவணைக்கு இது போதும். 1 கோடி வரிசைகள் இருந்தாலோ 20 லட்சம் குப்பை சேரும்வரை துடைப்பம் அசையாது. அந்த அட்டவணைக்கு மட்டும் ஸ்கேல் ஃபேக்டரை 0.2இலிருந்து 0.01 ஆக்கினால், ஏறக்குறைய 1 லட்சத்திலேயே வேலை தொடங்கும். வாக்கூம் தொல்லை தருகிறதென்று அதை நிறுத்திவைப்போரும் உண்டு, அது தவறு. பரிவர்த்தனை எண்கள் தீர்ந்துபோகாமல் காப்பதும் அதே வாக்கூம்தான்.

வாக்கூம் முடிந்தாலும் வீங்கிய இன்டெக்ஸ் பெரும்பாலும் சுருங்காது. ஒரு பக்கம் முழுதும் காலியானால்தான் அது மறுபயனுக்கு வரும். ஒரேயொரு பதிவு மிஞ்சினாலும் பக்கம் அப்படியே நிற்கும். அப்போது ரீஇன்டெக்ஸ் செய்து புதிதாகக் கட்ட வேண்டும். 12ஆம் பதிப்பு முதல் ‘கன்கரன்ட்லி’ சேர்த்துச் செய்தால், எழுதும் வேலை நிற்காது. நேரமும் வட்டில் கூடுதல் இடமும் பிடிக்கும். ‘வாக்கூம் ஃபுல்’ அப்படியல்ல, அட்டவணையைப் படிக்கக்கூட விடாமல் பூட்டிவிடும். கடை திறந்திருக்கும் நேரத்தில் அதைத் தொடக்கூடாது.

அமைப்புகளை மாற்றியும் குப்பை குறையவில்லையென்றால், முடிக்காமல் திறந்தபடி விடப்பட்ட பரிவர்த்தனை ஏதேனும் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். அது திறந்திருக்கும்வரை, அதற்குத் தேவைப்படக்கூடிய பழைய வரிசைகளை வாக்கூம் தொடாது.