கட்டத்துக்குள் ஒரு சிறுநீரகம்

என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் பாடநூலில், உயிர்ச் செயல்களைப் பற்றிய அத்தியாயத்தில் இரண்டு மருத்துவக் கருவிகள் இடம்பெற்றன: ஒன்று ரத்த அழுத்தம் அளப்பது, மற்றொன்று செயற்கைச் சிறுநீரகம். இரண்டும் தனித்தனிக் கட்டங்களுக்குள். சி.பி.எஸ்.இ. தன் 2023-24 பாடத்திட்டத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பும் தந்தது: கட்டங்களில் உள்ளவை புரிதலுக்கு உதவும், ஆனால் ஆண்டிறுதித் தேர்வில் கேட்கப்படாது.

தேர்வில் வராத பக்கம் வகுப்பில் என்ன ஆகும் என்பது ஊரறிந்த விஷயம். மாணவர்கள் நெஃப்ரானை அழகாக வரைகிறார்கள், பாகங்களைக் குறிக்கிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள். அந்தக் குழாய் ஏன் அத்தனை நீளம் என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

அந்தக் கட்டத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கினால் என்ன? டயாலிஸிஸ் இயந்திரத்தில் நோயாளியின் ரத்தம் மெல்லிய சவ்வுக் குழாய்களுக்குள் ஓடுகிறது. வெளியே ஒரு திரவம். ரத்தத்தில் யூரியா உண்டு, திரவத்தில் இல்லை. எனவே யூரியா சவ்வைத் தாண்டி வெளியேறுகிறது. ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் தாண்ட முடியாது. சரி, சோடியம் சின்னதாயிற்றே, அது ஏன் மொத்தமும் போய்விடவில்லை? இப்படிக் கேட்கும் மாணவிக்குப் பாதிப் பாடம் புரிந்துவிட்டது. திரவத்திலும் கிட்டத்தட்ட அதே அளவு சோடியம் கலந்திருப்பதுதான் காரணம்.

உண்மையான சிறுநீரகத்தின் வழி வேறு. நாளொன்றுக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியேற்றுகிறது. இயந்திரத்துக்கு அந்த வித்தை கிடையாது. குழாயின் நீளத்துக்கு அர்த்தம் அங்கேதான் இருக்கிறது.

இதைக் காட்ட லட்ச ரூபாய் கருவி தேவையில்லை. மெல்லிய பிளாஸ்டிக் பையில் கஞ்சித் தண்ணீரை ஊற்றி இறுகக் கட்டி, அயோடின் கலந்த நீரில் போட்டால் சிறிது நேரத்தில் பைக்குள் நீலம் படர்கிறது, வெளியே படர்வதில்லை. அயோடின் உள்ளே போயிற்று, கஞ்சியின் மாவுச்சத்து வெளியே வரவில்லை. டாக்டர் வில்லெம் கோல்ஃப் இதைவிடப் பெரிய வசதியோடு தொடங்கிவிடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மனியின் பிடியிலிருந்த நெதர்லாந்தில், இறைச்சி அடைக்கும் செலோஃபேன் குழாயை உருளையில் சுற்றித் தன் இயந்திரத்தைச் செய்தார். ஆரம்பத்தில் சிகிச்சை பெற்ற பலர் பிழைக்கவில்லை. 1945-ல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார். தோல்விகளையும் சேர்த்துச் சொன்னால் பதினைந்து வயதுப் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அவர்களில் சிலருக்கு இது வீட்டு விவகாரமும்கூட. மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிஸிஸ் வசதி செய்யும் தேசியத் திட்டத்தை மத்திய அரசு 2016-ல் அறிவித்தது. அப்பா வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் அங்கே போய்ப் படுத்திருக்கிறார் என்றால், மகன் நெஃப்ரானின் பாகங்களை ஒப்பிப்பதில் அவருக்கென்ன ஆறுதல்?

சிறுநீரகம் கெட்டுப்போவதற்கு முன்னணிக் காரணங்கள் நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும். அதாவது முதல் கட்டத்தைக் கவனிக்காதவர் இரண்டாவது கட்டத்தில் வந்து நிற்கக்கூடும். ரத்த அழுத்தக் கருவி விலை அதிகமில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் ஒரு மணி நேரம் வந்தாலும் போதும். பட்டையைக் கையில் சுற்றி, காற்றடித்து, மெல்ல இறக்கும்போது ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் எங்கே தொடங்குகிறது, எங்கே அடங்குகிறது என்று பிள்ளைகளே கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். சாயங்காலம் வீட்டில் பாட்டியின் கையையும் நீட்டச் சொல்வார்கள்.