சர்க்கரைப் பொட்டலமே சாட்சி!

தபால் தலை சேர்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும். தீப்பெட்டிப் படம் சேர்த்த தம்பிமாரும் உங்கள் வீட்டில் இருந்திருப்பார்கள். ஆனால், சர்க்கரைப் பொட்டலம் சேர்க்கிற ஒரு பாட்டியம்மாளைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன், ஆரணியில்.

பட்டுச் சேலை எடுக்கத்தான் போயிருந்தேன். நெசவாளர் தெருவில் ஒரு வீடு. கூடத்தில் தறி, மருமகள் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நாலு சேலையைப் புரட்டி, விலையைக் கேட்டு, பெருமூச்சு விட்டு உட்கார்ந்தபோது, அலமாரியில் ஒரு தடித்த ஆல்பம் கண்ணில் பட்டது. கல்யாணப் படமாக்கும் என்று பிரித்தேன். மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. பக்கத்துக்குப் பன்னிரண்டாகச் சர்க்கரைப் பொட்டலங்கள்!

பெரிய ஹோட்டல்களிலும் ரயிலிலும் காபியோடு தனியாகத் தருகிறார்களே, பெரும்பாலும் 5 கிராம் பிடிக்கிற சின்னஞ்சிறு காகிதப் பொட்டலம், அதேதான். ஒவ்வொன்றின் கீழும் ஊரும் தேதியும் எழுதியிருந்தன.

"இதெல்லாம் எதுக்கம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாம் எங்க வீட்டுக்காரர் உபயம். அவருக்குச் சர்க்கரை வியாதி" என்றார் அந்த அம்மாள்.

நான் விழித்தேன். அவரே விளக்கினார். வீட்டுக்காரர் பட்டு நூலுக்காகப் பெங்களூர் போவார். ஜரிகைக்காகச் சூரத் வரைக்கும் போவார். வீட்டில் இருக்கிறவரை அம்மாளின் ராஜ்யம். காட்பாடியில் ரயில் ஏறிவிட்டால்? "அதான் ஒரு சட்டம் போட்டேன். காபிக்குக் கொடுக்கிற பொட்டலத்தைக் கிழிக்காம அப்படியே கொண்டாந்து என் கையிலே கொடுக்கணும்."

அப்படிச் சேர்ந்ததுதான் இத்தனையும்!

"ரெண்டு பொட்டலம் வாங்கி ஒண்ணைக் காபியிலே போட்டுக்கிட்டு, ஒண்ணைக் கொண்டுவந்தா?" என்று நான் கலகம் மூட்டிப் பார்த்தேன்.

அம்மாள் அசரவில்லை. "மூணு மாசத்துக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்துப் பார்க்கிறோமே, அது பொய் சொல்லுமா?" ரத்தத்தின் சிவப்பு அணுக்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரையை அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரிக் கணக்கு வந்துவிடும். முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்து ஏமாற்ற முடியாது. "சோத்தையும் அளந்துதான் போடறேன். அரிசிக்கும் பேர் போன ஊராச்சே இது!"

சிரித்துக்கொண்டிருந்த அம்மாளின் குரல் சற்றே இறங்கியது. "எங்க மாமனாருக்கும் இதே வியாதி. கால் மரத்துப்போய்ப் புண் வந்தது தெரியலே. கடைசியிலே காலையே எடுத்துட்டாங்க. நெசவாளிக்குக் கை எப்படியோ, கால் அப்படி. தறியை மிதிக்கக் கால் வேணுமே."

நான் ஆல்பத்தை மெதுவாக மூடினேன்.

இது இந்த அம்மாளுக்கு மட்டும் தோன்றிய பைத்தியம் என்று நினைக்காதீர்கள். மேல்நாட்டில் இந்தப் பொழுதுபோக்குக்குச் 'சுக்ராலஜி' என்று பெயரே இருக்கிறது. ஜெர்மனிக்காரர் ஒருவர் 14,502 வெவ்வேறு பொட்டலங்களைச் சேர்த்து 2013-ல் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார். பொட்டலத்தோடு கட்டிச் சர்க்கரையையும் சேர்க்கிறார்கள்.

அந்தக் கட்டிச் சர்க்கரை பிறந்த கதையும் ஒரு வீட்டுக்காரியின் கதைதான். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் சர்க்கரை பெரிய கூம்புகளாக, கல் மாதிரி விற்கும். இன்றைய செக் நாட்டில் உள்ள டாச்சிட்சே என்னும் ஊரில், சர்க்கரை ஆலையை நடத்திவந்தவர் யாகோப் கிறிஸ்டோஃப் ராட். 1841-ல் அவர் மனைவி ஜூலியானா, கூம்பை உடைக்கும்போது விரலைக் காயப்படுத்திக்கொண்டார். "உடைக்கிற வேலையே இல்லாமல் சின்னச் சின்னக் கட்டியாகச் செய்யக் கூடாதா?" என்று கணவரைக் கேட்டாராம். ராட் ஈரச் சர்க்கரையை அச்சில் அழுத்திக் காய வைத்தார். 1843 ஜனவரி 23-ல் உரிமை பெற்றார். உரிமைப் பத்திரம் கணவர் பெயரில். காயம்பட்ட விரல் மனைவியுடையது! அந்த ஊரில் இன்று வெள்ளைக் கல்லில் ஒரு சர்க்கரைக் கட்டிக்கு நினைவுச் சின்னமே இருக்கிறது.

உங்களுக்கும் ஆசை வந்துவிட்டதா? ஆரணி அம்மாள் சொன்ன பக்குவம் இது. பொட்டலத்தை அப்படியே வைத்தால் எறும்பு வரும். பின்பக்கத்து ஒட்டை ஊசி முனையால் பிரித்துச் சர்க்கரையைக் கொட்டிவிடுங்கள். (அது பேரப் பிள்ளைகளின் பாலுக்கு.) உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, கனமான புத்தகத்தின் அடியில் ஒரு நாள் வையுங்கள். மைதாப் பசை தடவாதீர்கள். பூச்சிக்கு அது விருந்து. போட்டோ ஒட்டும் மூலைக் காகிதம் போதும். கட்டிச் சர்க்கரையானால் மேல் காகிதத்தை மட்டும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஊர்ப் பெயரை மட்டும் எழுத மறக்கக் கூடாது. சர்க்கரைக்கும் ஊருக்கும் பழைய உறவு உண்டு. நம் பாட்டிமார் வெள்ளைச் சர்க்கரையை 'அஸ்கா' என்றார்களே, அது கஞ்சம் ஜில்லாவில் சர்க்கரை ஆலை இருந்த ஊரின் பெயர். 1936 வரை அந்த ஜில்லா நம் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது.

சேலையை எடுத்துக்கொண்டு புறப்படும்போது ஆல்பத்தின் ஒரு பக்கத்தை மறுபடி பார்த்தேன். நடுவில் ஒரு பொட்டலம், மூலை கிழிந்திருந்தது. அதன் கீழே அம்மாளின் கையெழுத்தில் ஒரு வரி: 'ரயில் ஆடியதில் தானாகக் கிழிந்துவிட்டதாம்!'

"இதை ஏன் தூக்கிப் போடலே?" என்று கேட்டேன்.

"கிழிஞ்சதையும் மறைக்காம கொண்டாந்து கொடுத்தாரே! அதுக்குத்தான் நடுவிலே வெச்சிருக்கேன்" என்றார் அம்மாள்.

அடுத்த தடவை உங்கள் வீட்டுக்காரர் வெளியூர் போய்த் திரும்பினால், சட்டைப் பையைச் சற்றுத் தடவிப் பாருங்கள்!