‘மதுவம்’ என்று மட்டும் எழுதினால் போதுமா?

பாண் மாவும் குருதியும்

கொழும்பு கொம்பனித்தெரு பேக்கரியில் விடியற்காலை பாண் மாவைப் பொங்கவைப்பதும் மதுவம்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவரின் குருதிக்குள் புகுந்து உயிருக்கு உலை வைப்பதும் மதுவம்தான். பாடசாலையில் படித்த அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் அடங்கும். ஆகவே ஆய்வுகூட அறிக்கை ‘மதுவம் வளர்ந்துள்ளது’ என்பதோடு நின்றுவிட்டால், வைத்தியருக்குக் கிடைப்பது பாதித் தகவல்தான். கன்டிடா என்ற மதுவக் குழுவில் கன்டிடா அல்பிகன்ஸ், ஃபுளுகோனசோல் என்ற விலை குறைந்த மருந்துக்குப் பெரும்பாலும் அடங்கிவிடும். கன்டிடா குருசேயோ பிறவியிலேயே அதற்கு மசியாதது. கிளப்ராட்டா அரைகுறையாகத்தான் அடங்கும். பெயரளவில் அது கன்டிடா, உறவு முறையில் அல்பிகன்ஸைவிடப் பாண் மதுவத்துக்கே நெருக்கம். ‘எப்படியும் அல்பிகன்ஸாகத்தான் இருக்கும்’ என்ற ஊகமும் நம் பக்கத்தில் பலிக்காது. இந்தியாவில் 2011-12இல் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த குருதித் தொற்று ஆய்வில் முதலிடம் பிடித்தது கன்டிடா டிரொப்பிகாலிஸ், 41.6 சதவீதம்.

காதிலிருந்து வந்த எச்சரிக்கை

2009இல் ஜப்பானில் எழுபது வயதுப் பெண்ணொருவரின் காதிலிருந்து எடுத்த மதுவத்துக்கு கன்டிடா ஓரிஸ் என்று பெயரிட்டார்கள். ஓரிஸ் என்றால் லத்தீனில் காது. பல மருந்துகளுக்கு அடங்காத இது, கட்டில் சட்டத்திலும் தோலிலும் வாரக்கணக்கில் தங்கி, ஆளுக்கு ஆள் தொற்றும். வழமையான தானியங்கிக் கருவிகள் நெடுங்காலம் இதை வேறொரு கன்டிடாவாகவே காட்டின. பெயர் தவறினால் மருந்து மட்டுமா தவறும்? நோயாளியைத் தனிமைப்படுத்த வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2022இல் வெளியிட்ட பங்கசுப் பட்டியலில் மிக ஆபத்தான வரிசையில் இது இருக்கிறது.

பெயர் தெரிந்தால் மூலமும் தெரியும். 2005இல் கொழும்பில் சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டுக்கொண்ட ஐந்து தாய்மாருக்கு மூளைக்காய்ச்சல் வந்து, மூவர் இறந்தார்கள். காரணம் மதுவமல்ல, அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சணம். அதே இனம், சுனாமிக்குப் பின் சரியாகக் களஞ்சியப்படுத்தப்படாத ஊசிக்குழல்களிலும் இருந்தது.

செலவும் தாமதமும்

இதற்கெல்லாம் பணமும் நேரமும் எங்கே என்று கேட்பது நியாயம். ஆனால் முதற்படி மலிவானது. சிறிதளவு குருதிச் சீரத்தில் மதுவத்தைக் கலந்து 37 பாகையில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் போதும். பயறு முளைவிட்டாற்போல வால் நீண்டிருந்தால் அது அநேகமாக அல்பிகன்ஸ். நிறமூட்டிய வளர்ப்புத் தட்டில் அல்பிகன்ஸ் பச்சையாகவும் டிரொப்பிகாலிஸ் நீலமாகவும் குருசே வெளிர் ரோசாவாகவும் வளரும். இவற்றுக்குப் பிடிபடாதவற்றை மட்டும் மேலிட ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் கொம்பனித்தெருவிலிருந்து முச்சக்கர வண்டியில் போகிற தூரம்தான். முடிவு வரும்வரை நோயாளி காத்திருக்கவும் வேண்டாம். பலமான எக்கினோகன்டின் மருந்தை உடனே தொடங்கிவிட்டு, மலிவான மருந்துக்கு அடங்கும் இனம் என்று தெரிந்ததும் மாறிக்கொள்ளலாம். அந்த வகையில் பெயர் செலவைக் குறைக்கவே செய்கிறது.

வாயிலோ சிறுநீரிலோ தென்படும் எல்லா மதுவத்துக்கும் இந்தப் பாடு தேவையில்லை. அவை பெரும்பாலும் சும்மா குடியிருப்பவை. ஆனால் உங்கள் வீட்டு நோயாளியின் குருதியில் மதுவம் வளர்ந்திருப்பதாகச் சொன்னால், “என்ன இனம், டொக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.