வெஸ்பர்: ஒரு கலப்பு மதுவின் பெயரும் பொருளும்

தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுங்கால் உணாவையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். மாந்தர் உண்பனவும் பருகுவனவும் அவர்தம் நிலத்தையும் வாழ்வையும் புலப்படுத்தும் என்பது அதனாற் பெறப்படும். இக்கால மேனாட்டுப் புதினத்திலும் திரைப்படத்திலும் காக்டெயில் எனப்படும் கலப்பு மது இத்தகைய பணியை ஆற்றுகின்றது. கதைமாந்தர் கையிலுள்ள கிண்ணம் அவர்தம் மனநிலையைச் சொல்லாமற் சொல்லும். எனினும், அது கதையை நீங்கி மக்கள் வழக்கிற் புகும்போது பெயர் நிலைத்துப் பொருள் மாறுதலும் உண்டு. 'வெஸ்பர்' என்னும் மதுவைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயான் பிளெமிங் இயற்றிய 'கசினோ ராயல்' என்னும் ஆங்கிலப் புதினம் 1953ஆம் ஆண்டு வெளிவந்தது. ஜேம்ஸ் பாண்ட் என்னும் ஒற்றன் முதன்முதல் தோன்றுவது இதன்கண்ணேயாம். பிரான்சு நாட்டுச் சூதாட்ட விடுதியொன்றில் அவன் தனக்கு வேண்டும் மதுவை அளவு பிறழாது கூறுகின்றான்: ஜின் மூன்று பங்கு, வோட்கா ஒரு பங்கு, கினா லிலே என்னும் திராட்சை மது அரைப் பங்கு, இவற்றை நன்கு குளிருமாறு குலுக்கி, எலுமிச்சைத் தோலின் மெல்லிய சீவல் ஒன்றை இடல் வேண்டும்.

ஈண்டு நோக்கத்தக்கன இரண்டு. ஒன்று அளவின் நுட்பம். உயிர்க்கு இடையூறு மிக்க தொழிலையுடையான், தன் ஆளுகைக்கு உட்பட்ட சிறு பொருளிலேனும் பிழை நேராவாறு காக்க முயல்கின்றான். மற்றொன்று குலுக்குதல். பழச்சாறு சேராத இத்தகைய மதுவைக் கரண்டியாற் கலக்குவதே தொழில் வல்லார் மரபு. குலுக்கினால் விரைவிற் குளிரும். ஆயினும் பனிக்கட்டி சிதைந்து நீர் மிகும். காற்றுக் குமிழிகளால் தெளிவு குன்றும். இவற்றை அறிந்தும் குலுக்கச் சொல்பவன், மரபினும் தன் விருப்பையே பெரிதாகக் கொள்பவன் என்பது விளங்கும்.

அப்பொழுது அம்மதுவிற்குப் பெயர் இல்லை. பின்னர் வெஸ்பர் லிண்ட் என்னும் பெண்ணின் பெயரை அவன் அறிகின்றான். 'வெஸ்பர்' என்பது மாலைப்பொழுதைக் குறிக்கும் இலத்தீன் சொல். புயல் வீசிய மாலையிற் பிறந்தமையின் தனக்கு அப்பெயர் அமைந்ததென அவள் கூற, அதனையே தன் மதுவிற்கு அவன் வேண்டிப் பெறுகின்றான். கதை முடிவில் அவள் தன்னுயிரைப் போக்கிக்கொள்கின்றாள். அவள் பகைவர்க்கு உளவுரைத்தவள் என்பது அவள் விட்டுச்சென்ற கடிதத்தால் வெளிப்படுகின்றது. ஆகவே, புதினத்தை முற்றக் கற்றார்க்கு அம்மதுவின் பெயர் காதலையும் வஞ்சத்தையும் ஒருங்கே உணர்த்தும். பின்வந்த பிளெமிங்கின் புதினங்களிற் பாண்ட் அதனை மீண்டும் கேட்பதில்லை. அவ்வாறு கேளாமையும் பொருளுடையதே.

திரைப்படங்களோ நெடுங்காலம் வோட்கா மார்ட்டினியையே முன்னிறுத்தின. 1964ஆம் ஆண்டின் 'கோல்டுபிங்கர்' படத்தில், குலுக்கியது வேண்டும், கலக்கியது வேண்டா என்று பாண்டே கூறினான். அதுவே அவனுக்கு முத்திரைத் தொடராயிற்று. வெஸ்பருக்குச் சிறப்பிடம் தந்தது 2006ஆம் ஆண்டின் 'கசினோ ராயல்' படமாகும். அதில், சூதாட்ட மேசையில் அவன் கலவையைச் சொன்னதும் உடனாடுவோரும் அதனையே கேட்கின்றனர். அதன் தொடர்ச்சியான 'குவாண்டம் ஆப் சோலேஸ்' (2008) படத்தில், வெஸ்பரை இழந்த பாண்ட் உறக்கமின்றி வானூர்தியிற் பல கிண்ணம் பருகுகின்றான். பருகுவது யாதென்று நண்பன் வினவ, அவன் அறிகிலான். பரிமாறுவோனே கலவையை எடுத்துரைக்கின்றான். அளவெல்லாம் தானே வகுத்தவன் அதனைச் சொல்ல மாட்டாதவனாகின்றான். துயரின் ஆழத்தை உணர்த்த இஃதொன்றே போதும்.

மக்கள் வழக்கில் நிகழ்ந்தது வேறு. உலகெங்குமுள்ள மதுவகங்களில் வெஸ்பர் இன்று நாகரிகத்தின் அடையாளமாகவே வழங்குகின்றது. கேட்போர் பலர் வீரனை நினைப்பரேயன்றி, இறந்த பெண்ணை நினையார். கலவைப் பொருளும் மாறியது. கினா லிலே பிரான்சின் போர்தோ நகரை அடுத்த பொதென்சாக்கில் ஆக்கப்பட்டது. 'கினா' என்னும் சொல் கொயினா தரும் சிங்கோனா மரப்பட்டையைச் சுட்டும். பிற்காலத்தில் அம்முன்மொழி பெயரினின்று நீங்கியது. 1980களில் கலவையும் மாற்றப்பட்டுக் கசப்புக் குறைந்தது. ஆகவே, புதினம் கூறும் மதுவை இன்று அவ்வாறே ஆக்குதல் இயலாது. பாடம் பிழையின்றி நிற்க, அது சுட்டும் பொருள் மறைந்தது. பழைய நூல்களில் வரும் உணவுப் பெயர்களுக்கு உரை காண்பார்க்கு இந்நிலை புதிதன்று.

புகழ் ஒரு மதுவின் பெயரைக் காக்கும். அது பெயர்பெற்ற காரணத்தைக் காக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகலின், கதையிலிருந்து வழக்கிற்கு வந்த பொருள்களை ஆராய்வார், வழக்கில் நின்று கதைக்குப் பொருள் கொள்ளாது, கதையில் அப்பொருள் பெற்ற இடத்தை முதற்கண் ஆராய்ந்து துணிதல் வேண்டும்.